வயோதிக சரீரமும் கஞ்சாவும்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில், சேலையூருக்கும் செம்பாக்கத்துக்கும் நடுவே அமைந்துள்ள ராஜகீழ்ப்பாக்கம், ரயில்வேயிலும் விமானப்படையிலும் வங்கிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டு, பிராவிடண்டுப் பணத்தில் ஒரு மனையை வாங்கி, அதில் ஒரு வீட்டையும் எழுப்பிக்கொண்டு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பெருவாரியாக வசிக்கும் இடம். அவர்களில் பலருடைய பிள்ளைகள் கடல் கடந்து குடியேறிவிட்டபடியால், பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொருட்டு வருஷத்தில் சில மாதங்கள் டொராண்டோவிலோ கலிபோர்னியாவிலோ கழிப்பது இப்பகுதி முதியோர்களின் வாழ்க்கையில் சகஜமான ஏற்பாடாகிவிட்டது. இங்கே, ஆந்திர, ஒடிசா எல்லைகளிலிருந்து ரயிலில் வந்து இறங்கும் கஞ்சாப் பொட்டலத்தைப் பிடிக்க, 2022 ஜனவரி முதல் தேதி ஏற்பட்ட தாம்பரம் போலீஸ் கமிஷனரகத்தின் காவலர்கள் பைகளைச் சோதனையிடுகிறார்கள். அங்கே, அதே வஸ்து பழவாசனையேற்றிய மிட்டாயாகி, கண்ணாடி அலமாரியில் வரிசையாக அடுக்கப்பட்டு, சர்க்கார் லைசென்ஸ் பெற்ற கடையில் வரி ரசீதுடன் விற்பனையாகிறது. இரண்டு காட்சிகளையும் ஒரே வருஷத்தில் பார்த்துவிடுகிற ஓய்வு பெற்ற மனிதருக்கு, எது நியாயம் என்ற கேள்வி எழுவது இயற்கையே. ஆனால் நியாயத்தைப் பற்றிய விவாதத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய வேறொரு கேள்வி இருக்கிறது: அறுபத்தைந்து பிராயத்துச் சரீரத்துக்குள் நுழைந்த பிறகு அந்தப் பொருள் என்ன செய்கிறது?

இது கற்பனைக் கேள்வியன்று. அமெரிக்காவில் அறுபத்தைந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், முந்தைய ஒரு வருஷத்துக்குள் கஞ்சாவை உபயோகித்ததாகச் சொன்னவர்கள் 2006, 2007-ஆம் வருஷங்களில் நூற்றுக்கு 0.4 பேர்தான், 2018-இல் அது 4.2 ஆயிற்று. 2023-ஆம் வருஷக் கணக்கிலோ, முந்தைய ஒரே மாதத்துக்குள் உபயோகித்தவர்களே நூற்றுக்கு 7 பேர். எந்த வயதுப் பிரிவிலும் பழக்கம் இவ்வளவு வேகமாகப் பெருகுவது அபூர்வம். 1960-களில் வாலிபர்களாயிருந்து இதைச் சுவைத்துவிட்டுப் பிறகு குடும்பமும் வேலையும் வந்ததால் விட்டுவிட்ட ஒரு தலைமுறை, ஓய்வு கிடைத்ததும் மீண்டும் அதை நாடுகிறது என்பது ஒரு காரணம். தூக்கமின்மை, முழங்கால் வலி, தனிமை ஆகிய மூன்றும் மற்றைக் காரணங்கள். நமது தேசத்தில், டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பத்து முதல் எழுபத்தைந்து வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு 2.8 பேர், அதாவது ஏறத்தாழ 3.1 கோடிப் பேர், கஞ்சாச் செடியிலிருந்து கிடைக்கும் ஏதேனும் ஒரு பொருளை உபயோகித்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் சட்டம் தடை செய்யாத பாங்கை அருந்தியவர்கள்.

நம் நாட்டுக்கு இந்தச் செடி புதிதல்ல. அதைப் பற்றிய விசாரணையும் புதிதல்ல. 1839-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த வில்லியம் ஓஷாக்னஸி என்ற ஐரிஷ் வைத்தியர், நம்மவர் கையாண்ட முறைகளைக் கேட்டறிந்து, மிருகங்களிடம் பரீட்சித்து, பின்னர் கீல்வாதம், காலரா, தனுர்வாதம் ஆகியவற்றால் துன்புற்ற நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதிய கட்டுரை வழியாகவே ஐரோப்பிய வைத்திய உலகம் இதைப் பிரதானமாக அறிந்துகொண்டது. 1893-இல் இங்கிலாந்துப் பார்லிமெண்டில் மதுவிலக்குவாதியான கெய்ன் என்ற அங்கத்தினர் எழுப்பிய கேள்வியின் விளைவாக, மாக்வொர்த் யங் என்பவரின் தலைமையில் அமைக்கப்பட்ட கமிஷன், மாகாணம் மாகாணமாகச் சுற்றி, 1,193 சாட்சிகளை விசாரித்து, ஏழு பாகங்களில் அறிக்கை தந்தது. பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளின் பதிவேடுகளில் 'கஞ்சாவினால் வந்த பைத்தியம்' என்று எழுதி வைத்திருந்ததைக் கமிஷன் அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் ஒவ்வொரு நோயாளியின் சரித்திரத்தையும் துருவிப் பார்த்து, பாதிக்கு மேற்பட்டவற்றுக்குத் தக்க ஆதாரமே இல்லை என்று ஒதுக்கியது; அக்காலத்து அதிகாரிகளிடம் நாம் எதிர்பாராத இந்த நிதானத்தை இன்று படிக்கையிலும் பாராட்டத்தான் தோன்றுகிறது. மிதமாக உபயோகிப்பவர்களுக்கு நடைமுறையில் தீங்கு இல்லை, அளவு மீறுகிறவர்களுக்கே தீங்கு என்பது அதன் முடிவு.

கஞ்சாவுக்காக வாதாடுகிறவர்கள் இன்றும் இந்த அறிக்கையைத்தான் ஆதாரமாக நீட்டுகிறார்கள். ஆனால் அந்த அறிக்கை எழுதப்பட்ட காலத்தில் இந்தியனின் சராசரி ஆயுள் முப்பதைத் தொடவில்லை. அதில் வரும் உபயோகிப்பாளன் வயலிலும் துறைமுகத்திலும் உழைத்துக் களைத்தவன். அல்லது ஊர் ஊராகத் திரிந்த பைராகி. இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு இரண்டு, இரத்தம் உறையாதிருக்க ஒன்று, பிராஸ்டேட் சுரப்பிக்கு ஒன்று என்று காலை மாலை விழுங்குகிற, இருதயக் குழாயில் ஸ்டெண்ட் வைத்துக்கொண்டிருக்கிற எழுபது வயது மனிதனைக் கமிஷன் கண்டதும் இல்லை, கருதியதும் இல்லை. ஆகவே மிதம் என்று அது சொன்ன அளவு அவனுக்கும் மிதம்தானா என்பதற்கு அதில் விடை தேடுவது வீண். தவிரவும், செடியே மாறிவிட்டது. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட சரக்கில், போதை தரும் பொருள் 1995-இல் சராசரியாக நூற்றுக்கு 4 பங்கு இருந்தது. 2014-இல் 12 பங்கு. வாலிபத்தில் புகைத்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு இன்று அதே அளவை எடுத்துக்கொள்ளும் கிழவர், தம்மை அறியாமலேயே மும்மடங்கு எடுத்துக்கொள்கிறார்.

அந்தப் போதைப் பொருள் எது என்பது வெகுகாலம் தெரியாதிருந்தது. அபினியிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்து நூற்றைம்பது வருஷங்கள் கழிந்த பிறகும், எண்ணெயும் பிசினுமாகக் கலந்து கிடந்த கஞ்சாவின் சாரம் ரசாயன சாஸ்திரிகளின் கைக்கு அகப்படவில்லை. இஸ்ரேலைச் சேர்ந்த ரஃபேல் மெக்கூலம் என்பவர், போலீசாரிடம் கேட்டு வாங்கிய ஐந்து கிலோ லெபனான் சரஸ் என்னும் கஞ்சாப் பிசினைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறித் தமது பரிசோதனைச் சாலைக்குப் போனார் என்பதும், அந்த வாசனை என்னவென்று சகபிரயாணிகள் விசாரித்தார்கள் என்பதும் அவரே ஆயுள் முழுதும் சொல்லி மகிழ்ந்த கதை. 1963-இல் கன்னாபிடியால் என்னும் பொருளின் அமைப்பையும், 1964-இல் யெகியேல் கயோனியுடன் சேர்ந்து, போதைக்கு மூலமான டெட்ராஹைட்ரோகன்னாபினாலையும் அவர் நிர்ணயம் செய்தார். பின்னதை டி.எச்.சி. என்றும் முன்னதை சி.பி.டி. என்றும் சுருக்கமாக வழங்குகிறோம். முன்னது போதை தராது, பின்னது தரும். கடையில் வாங்கும் மிட்டாயில் இவ்விரண்டும் என்ன விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தே அதன் குணம் அமையும்.

செடியிலுள்ள ஒரு பொருளுக்கு மனித மூளை ஏன் இணங்குகிறது? 1988-இல் அமெரிக்க விஞ்ஞானிகளான அலின் ஹௌலெட், வில்லியம் டிவேன் என்போர் மூளை உயிரணுக்களின் மேற்பரப்பில் டி.எச்.சி.யைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம் இருப்பதை நிரூபித்தார்கள். கஞ்சாவுக்காக இயற்கை அதைப் படைத்திருக்க முடியாது. நம் உடலே உண்டாக்கும் ஏதோ ஒன்றுக்காகவே அது இருக்கவேண்டும் என்று தேடியதில், 1992-இல் மெக்கூலத்தின் பரிசோதனைச் சாலையில் டிவேனும் லுமீர் ஹானுஷும் அப்பொருளைக் கண்டெடுத்து, ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். சம்ஸ்கிருதச் சொல் ஒன்று இஸ்ரேலிய ஆராய்ச்சிச் சாலையிலிருந்து ரசாயன அகராதிக்குள் நுழைந்த வினோதத்தைக் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை.

இதன் வேலை விசேஷமானது. மூளையில் ஓர் அணு மற்றோர் அணுவுக்குச் செய்தி அனுப்புவது பெரும்பாலும் ஒரே திக்கில் நடக்கும். ஆனந்தமைடும் அதன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு பொருளுமோ, செய்தியைப் பெறும் அணுவில் உற்பத்தியாகி, அனுப்பும் அணுவை நோக்கிப் பின்புறமாகச் செல்கின்றன. கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவர் இலையின் மேல் கையை நீட்டிப் போதும் என்றதும் பரிமாறுகிறவர் கரண்டியை நிறுத்திக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்வதுபோல், பெறுகிற அணு விடுக்கும் இந்தப் போதும் என்ற சைகையைக் கண்டு அனுப்புகிற அணு ஓய்கிறது. இந்தச் சைகை வேண்டிய இடத்தில் மட்டும் எழுந்து, சில விநாடிகளில் மறைந்துவிடும். டி.எச்.சி. வந்து சேர்ந்தால் எங்கும் ஏககாலத்தில், மணிக்கணக்கில், கேளாமலேயே போதும், போதும் என்ற சைகை எழுந்தபடி இருக்கிறது. ஞாபகத்தைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ், நடையின் சமநிலையைக் காக்கும் சிறுமூளை, அசைவைத் திட்டப்படுத்தும் உட்கருக்கள், இவற்றிலெல்லாம் அப்புரதம் செறிந்திருப்பதால், பேச்சின் நடுவே தொடக்கம் மறந்துபோவதும், கால் தள்ளாடுவதும், காலம் நீண்டு தோன்றுவதும் விளைகின்றன. சுவாசத்தை நடத்தும் மூளைத் தண்டில் அது சொற்பமே உள்ளபடியால், அபினி மிகுந்தால் மூச்சு நின்றுபோவது போன்ற மரணம் கஞ்சாவில் நேர்வதில்லை. இதைக் கேட்டு ஆறுதல் கொள்ளும் முதியவர், மூச்சு நிற்காமலேயே மனிதன் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும்.

இனி, வயோதிக சரீரத்துக்கு வருவோம். பிராயம் ஏற ஏறத் தசை குறைந்து, அதே எடையுள்ள மனிதனிடத்திலும் கொழுப்பின் பங்கு கூடுகிறது. டி.எச்.சி. நீரில் கரையாது; கொழுப்பில்தான் கரையும். பாங்கைப் பாலிலும், லேகியத்தை நெய்யிலும் கூட்டிய நம் முன்னோர், ரசாயன நூல் படிக்காமலே இந்த உண்மையைக் கையாண்டார்கள். பச்சை இலையில் அமில ரூபத்தில் கிடக்கும் பொருள் சூடேறினால்தான் போதை தரும் ரூபத்தை அடைகிறது என்பதால், நெய்யில் வறுத்ததற்கும் அர்த்தம் உண்டு. கொழுப்பில் போய்த் தங்கும் பொருள் மெல்ல மெல்லத்தான் இரத்தத்துக்குத் திரும்பும். எப்போதாவது உபயோகிப்பவர்களிடத்திலேயே இரத்தத்தில் உள்ள அளவு பாதியாகக் குறைய ஒன்று முதல் மூன்று நாள் பிடிக்கும். தினசரிப் பழக்கமுள்ளவர்களிடத்தில் இன்னும் பல நாள். கல்லீரலோ, வாலிபத்தில் பெற்ற இரத்த ஓட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை முதுமையில் இழந்து, மருந்துகளைச் சிதைக்கும் வேலையை மந்தமாகச் செய்கிறது. இரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் அனிச்சைச் செயலும் தளர்ந்திருப்பதால், படுக்கையிலிருந்து எழுந்தவுடன் தலைக்கு இரத்தம் ஏற வேண்டிய வேகத்தில் ஏறுவதில்லை, டி.எச்.சி. இரத்தக் குழாய்களை விரித்து அந்தக் குறையை அதிகப்படுத்துகிறது. முப்பது வயதுக்காரனுக்குச் சற்றே தலை கிறுகிறுப்பதாக முடிவது, எழுபது வயதுக்காரருக்குக் கண் இருண்டு விழுவதாக முடியலாம். ஆகவே பொட்டலத்தின் மேல் அச்சிட்ட மில்லிகிராம் எல்லோருக்கும் ஒரே எண்ணாயிருந்தும், உடலுக்குள் ஒரே அளவு அல்ல.

புகைப்பதும் தின்பதும் ஒன்றல்ல என்பதைத் தனியே விளக்க வேண்டும். ஏனெனில், புகை என்றால் முகம் சுளிக்கும் நம் முதியோர்கள் மிட்டாய் என்றால் சாதுவானது என்று நினைத்துவிடுகிறார்கள். புகைத்தால் சில நிமிஷங்களில் மூளையை எட்டி, பத்து நிமிஷத்தில் உச்சத்தை அடைந்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் தணியும். போதும் என்று நிறுத்திக்கொள்ள மனிதனுக்கு அவகாசம் உண்டு. தின்றால், குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குச் சென்று, அங்கே பெரும்பகுதி அழிந்து, எஞ்சியதில் ஒரு பங்கு 11-ஹைட்ராக்ஸி டி.எச்.சி. என்ற மற்றொரு போதைப் பொருளாக மாறி, அரை மணி முதல் இரண்டு மணி நேரம் கழித்தே வேலையைக் காட்டத் தொடங்கி, ஆறு, எட்டு மணி நேரம் நீடிக்கிறது. இரவு தூக்கம் வரவில்லை என்று வருந்தும் தகப்பனாரிடம், "அப்பா, இதுல பாதி போட்டுக்கிட்டுப் படுங்க, நல்லாத் தூக்கம் வரும்" என்று பிரியத்தோடு பிள்ளை கொடுக்கிறான். ஒரு மணி நேரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லையே என்று அவர் சிக்கனம் கருதி மீதிப் பாதியையும், அதோடு இன்னொரு முழு மிட்டாயையும் வாயில் போட்டுக்கொள்கிறார். நடுராத்திரியில் எல்லாம் சேர்ந்து வரும்போது, இருதயம் படபடக்க, இருக்கும் ஊர் எதுவென்று புரியாமல் அவர் தவிக்க, மாரடைப்பு என்றோ பக்கவாதம் என்றோ வீட்டார் பதறி ஆம்புலன்ஸை அழைக்கிறார்கள்.

மேற்சொன்ன தகப்பனார் என் கற்பனை; ஆனால் அப்படி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கணக்கு கற்பனையல்ல. கனடா தேசம் 2018 அக்டோபர் 17-இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. முதலில் காய்ந்த பூவும், ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துத் தின்பண்டங்களும் கடைக்கு வந்தன. ஒரு பொட்டலத்தில் பத்து மில்லிகிராமுக்கு மேல் டி.எச்.சி. இருக்கக் கூடாது என்று கடுமையான எல்லையும் விதித்தார்கள். அப்படியிருந்தும், இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் பெருந்தொகையாக வாழும் ஒண்டாரியோ மாகாணத்தில் 2015 முதல் 2022 வரையிலான எட்டு வருஷங்களில் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் கஞ்சா நஞ்சேறி அவசரச் சிகிச்சைக்கு வந்த சம்பவங்கள் 2,322. காய்ந்த பூ விற்பனைக்கு வந்த பிறகு அந்த விகிதம் முன்னிருந்ததைப்போல் இரு மடங்கும், தின்பண்டங்கள் வந்த பிறகு மும்மடங்கும் ஆயிற்று. தாமே வாங்கித் தின்றவர்கள் மட்டுமின்றி, பேரன் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்த பிஸ்கோத்து என்று எண்ணித் தின்றவர்களும் முதியோர் வைத்தியர்களுக்குப் பரிச்சயமானவர்களே. கண் மங்கிய பிராயத்தில் சிறிய எழுத்து எச்சரிக்கை பிரயோஜனப்படாது.

மாத்திரைகளின் சங்கதி இன்னும் சிக்கலானது. டி.எச்.சி.யைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளே, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினையும், இன்னும் பல மருந்துகளையும் சிதைக்கின்றன. இரண்டும் ஒரே சமயத்தில் வந்தால் நொதி திணறுகிறது. வார்ஃபரின் இரத்தத்தில் தேங்கி, உறையும் சக்தி அளவுக்குமேல் குன்றி, சிறு காயமும் பெரும் இரத்தப்போக்காகலாம். போதையில்லாதது, ஆகவே நிரபாயமானது என்று விளம்பரம் செய்யப்படும் சி.பி.டி. எண்ணெய் இந்த விஷயத்தில் டி.எச்.சி.யைவிடக் கெட்டது. பிராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும் குணமுடையது. அதனோடு கஞ்சாவும் சேர்ந்தால் நடு இரவில் சிறுநீர் கழிக்க எழுகிறவரின் கதி என்ன? தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மயக்கம் ஒன்றுக்கு மூன்றாகிறது. இருதயத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் மாரடைப்பு வந்து பிழைத்த 3,882 நோயாளிகளை விசாரித்து முர்ரே மிட்டில்மன் 2001-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கஞ்சா புகைத்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் மாரடைப்பு வருவதற்கான வாய்ப்பு மற்ற வேளைகளைவிட 4.8 மடங்கு. அந்த ஒரு மணி கழிந்ததும் வாய்ப்பு விரைவில் குறைந்துவிடுகிறது என்பதும் அதே ஆய்வின் முடிவு. இருதயத் துடிப்பு விரைவுபடும் அந்தக் குறுகிய நேரத்தை ஆரோக்கியமான இருதயம் கவனிப்பதேயில்லை; ஏற்கனவே அடைப்புள்ள இருதயத்துக்கு அதுவே சோதனை வேளை.

மறதி நோயைப் பற்றி இரு கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு ஆராய்ச்சியைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு திரிகிறார்கள். ஜெர்மனியில் பான் சர்வகலாசாலையைச் சேர்ந்த அந்திரேயாஸ் ஸிம்மரின் குழுவினர் 2017-இல் செய்த பரிசோதனை நிஜமாகவே வியப்புக்குரியது. இரண்டு மாதமான இளஞ்சுண்டெலிகளுக்கும், பன்னிரண்டும் பதினெட்டும் மாதமான கிழச் சுண்டெலிகளுக்கும், தோலுக்கடியில் பதித்த சிறு கருவியின் வழியாக 28 நாள் இடைவிடாமல் சொற்ப அளவு டி.எச்.சி.யைச் செலுத்தினார்கள். இளையவற்றின் ஞாபகசக்தி கெட்டது. கிழவற்றின் ஞாபகசக்தியோ, மருந்து பெறாத இளையவற்றுக்குச் சமானமாக மேம்பட்டது. மூளை அணுக்களிடையே இணைப்புகளும் பெருகின. உடலே உற்பத்தி செய்யும் ஆனந்தமைடு முதலியவற்றின் இயக்கம் வயதோடு தளர்ந்துபோகிறது. அந்தக் குறையை நிரப்பும் சிறிய அளவு கிழவனுக்கு நன்மையும், குறையே இல்லாத வாலிபனுக்குத் தீமையும் செய்கிறது என்பது அவர்கள் ஊகம். அழகான ஊகந்தான், ஆனால் நிர்ணயித்த அளவில் சீராகச் சொட்டிய மருந்தையும், மனிதன் மாலைப் பொழுதைக் கழிக்க மென்று விழுங்கும் மிட்டாயையும் ஒன்றென்று யாரும் சொல்ல முடியாது. மனிதர்களிடத்தில் அந்தப் பலன் நிரூபணமாகும் வரை, சுண்டெலிக்குக் கிடைத்த இளமையை நமக்குக் கிடைத்ததாகப் பாவிப்பது அவசரம்.

எதிர்க் கட்சியின் ஆதாரம் மீண்டும் ஒண்டாரியோவிலிருந்தே வருகிறது. நாற்பத்தைந்து வயதைக் கடந்த அறுபது லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் ஆஸ்பத்திரிப் பதிவுகளை ஆராய்ந்து 2025-இல் வெளியிடப்பட்ட கட்டுரை, கஞ்சாவினால் நேர்ந்த உபாதைக்காக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடம், அடுத்த ஐந்து வருஷங்களில் மறதி நோய் கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு, மற்றக் காரணங்களுக்காக வந்தவர்களைவிட நூற்றுக்கு 23 பங்கும், பொது ஜனங்களைவிட 72 பங்கும் அதிகம் என்று காட்டியது. வயது, பிற நோய்கள் முதலியவற்றைச் சரிக்கட்டிய பிறகு கிடைத்த எண்கள் இவை. ஆயினும் இதிலிருந்து கஞ்சாவே மறதியை உண்டாக்குகிறது என்று தீர்ப்பளித்துவிட இயலாது. மறதி நோய் வெளிப்படுவதற்குப் பல வருஷம் முன்னாலேயே தூக்கம் கெட்டு, மனம் சோர்ந்து போவதால், அந்தச் சோர்வுக்கு மருந்தாகக் கஞ்சாவை நாடியவர்களும் அக்கணக்கில் சேர்ந்திருக்கலாம். சுண்டெலியைக் காட்டி ஆசை மூட்டுவதும், இந்தப் புள்ளிவிவரத்தைக் காட்டி அச்சுறுத்துவதும் விஞ்ஞானத்துக்குச் சம அளவில் அநீதி.

பொழுதுபோக்கு வேறு, வைத்தியம் வேறு. கான்ஸர் சிகிச்சையால் வரும் குமட்டலுக்கு டி.எச்.சி. மாத்திரை 1985 முதல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. குழந்தைகளின் சில கடும் வலிப்பு வியாதிகளுக்கு சி.பி.டி. 2018-இல் அங்கீகரிக்கப்பட்டது. நாட்பட்ட வலியில் கிடைக்கும் நிவாரணம், பிரசாரம் செய்யப்படுவதைவிடச் சுமாரானது. தூக்கமோ, முதலில் விரைந்து வருகிறது. பழகப் பழக அளவு கூட்ட வேண்டியிருக்கிறது. நிறுத்தினால் சில நாள் துர்ச்சொப்பனங்களோடு பழி வாங்குகிறது. நம் சுதேச வைத்திய முறைகளும் இதை அலட்சியமாகக் கையாண்டதில்லை. 2005-இல் தாம்பரம் சானடோரியத்தில் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வெகு தூரமல்ல. சித்த வைத்தியத்தில் இந்தச் சரக்கு சுத்தி செய்யப்பட்டு, பிற மூலிகைகளுடன் கூட்டி, வைத்தியர் நிர்ணயிக்கும் அளவில் மட்டும் கொடுக்கப்படும் நச்சுச் சரக்குகளின் வரிசையைச் சேர்ந்தது. 'இயற்கையானது, ஆகவே தீங்கற்றது' என்ற வாதத்தை எந்தச் சித்தரின் பெயரால் சொன்னாலும் அது சித்த வைத்தியமாகாது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1985-ஆம் வருஷத்திய போதைப் பொருள் தடைச் சட்டம் பூவையும் பிசினையும் தடை செய்கிறது; பூவின்றித் தனித்த இலையையும் விதையையும் தடை செய்யவில்லை. கஞ்சாவை உபயோகித்ததற்கே ஆறு மாதம் வரை சிறையோ, பதினாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப் பொருள் கமிஷன், மிகக் கடுமையான அட்டவணையிலிருந்து கஞ்சாவை நீக்க 27-க்கு 25 என்ற ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானித்தபோது, நீக்குவதற்கு ஆதரவாகவே இந்தியா ஓட்டளித்தது. ஆயினும் உள்நாட்டுச் சட்டம் தளரவில்லை. கனடாவில் ரசீதுடன் வாங்கிய மிட்டாய், மீனம்பாக்கத்தில் இறங்கும்போது கடத்தல் சரக்கு. விலாசம் மாறினால் குற்றம் மாறுகிறது என்பதை ஏற்க மனம் கூசினாலும், பெட்டியைக் கட்டும்போது அதை மறக்கக்கூடாது.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்வதானால், வைத்தியத்துக்காக ஆராய்ச்சியை விரிவுபடுத்த வேண்டும். ஆனால் ஓய்வுக் காலத்துப் பொழுதுபோக்காகக் கஞ்சாவைத் தேர்வது, தற்போது நமக்குத் தெரிந்த வரையில், நஷ்ட வியாபாரம். கிடைக்கும் இன்பம் வாலிபத்தில் கிடைத்த அதே இன்பம். விலை மட்டும் பல மடங்கு ஏறிவிட்டது. இதைச் சொல்லும்போதே, கஞ்சா என்ற பெயரைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்ளும் நம் வீடுகளில், மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்கிய அல்பிரஸோலம் மாத்திரையை வருஷக் கணக்கில் விழுங்கிவரும் தாத்தா பாட்டிகள் எத்தனை பேர் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். முதியோரை விழச் செய்வதிலும், ஞாபகத்தை மங்கச் செய்வதிலும், விடமுடியாதபடி பற்றிக்கொள்வதிலும் அந்த மாத்திரையின் பெயர் கஞ்சாவுக்கு முந்தியே கெட்டுவிட்டது. சட்டத்தின் நிழலில் இருப்பதால் மட்டும் அதற்கு மரியாதை. இரவில் தூக்கம் வராததற்குப் பகல் உறக்கமும், மாலை காப்பியும், சிறுநீர்த் தொல்லையும், சொல்லப்படாத துக்கமும் காரணமாயிருக்க, எந்த லாகிரி வஸ்துவும் அவற்றைத் தீர்க்காது. 1978-இலேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் வி. எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனி வைத்தியப் பிரிவைத் தொடங்கினார். இப்போது கிண்டியில் முதியோருக்கான தேசிய மருத்துவ நிலையமும் இயங்குகிறது. ஆகவே கேட்பதற்கு இடம் இல்லை என்று சொல்வதற்கில்லை.

வெளிநாட்டிலிருந்து திரும்பியவரோ, இங்கேயே யாரிடமேனும் வாங்கி உபயோகித்தவரோ, எவராயினும் வைத்தியரிடம் போகும்போது வெட்கத்தை விட்டு மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: என்ன எடுத்துக்கொண்டீர்கள், எவ்வளவு, கடைசியாக எப்போது. கூடவே, வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மேஜையின் மேல் கொட்டுங்கள். வைத்தியர் போலீஸ்காரர் அல்ல. உங்கள் வார்ஃபரின் அளவையும் இரத்த அழுத்த மாத்திரையின் வேளையையும் மாற்ற வேண்டுமா என்று அறிவதற்கு அவருக்கு வேறு வழியில்லை. பழக்கம் பிடித்து விடமுடியாமல் தவிப்பவர்கள் 14446 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். சிகிச்சைக்குத் தாமே முன்வருகிறவர்களுக்கு வழக்கிலிருந்து விலக்களிக்க அதே 1985-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 64-ஏ பிரிவில் இடமிருக்கிறது.